வயிறு எரியுது மிஸ்ஸு

அவர் பெயரை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதினால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். யாராவது படித்துக் காட்டுவார்கள், உடனே எனக்குப் போன் வரும். "என் பேர மட்டும் போட்டுகிறீங்களாமே மிஸ்ஸு, எங்க தெருவுல மத்தவங்களுக்கெல்லாம் பேரே இல்லியா?" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பதில் சொல்லி மாளாது. அதனால் பெயர் வேண்டாம்.

பொறாமை எல்லோருக்கும் உண்டு. எனக்கும் உண்டு. பக்கத்து வீட்டில் புதிதாக ஏசி மாட்டினால், "நமக்கு அதெல்லாம் ஒத்துக்காது" என்று சொல்லிக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொள்வேன். அப்படி மறைப்பதுதான் நாகரிகம் என்று நமக்குப் பழகிவிட்டது. அவருக்கு அந்த நாகரிகம் கிடையாது. முகக்கவசத்தைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டு, முன்பற்கள் எல்லாம் தெரியச் சிரித்து, "வயிறு எரியுது மிஸ்ஸு" என்பார். "தாகமா இருக்கு, கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று கேட்பதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார்.

அதிலும் ஒரு விசேஷம் உண்டு. நகையைப் பார்த்தோ புடவையைப் பார்த்தோ அவருக்கு வயிறு எரிந்ததில்லை. அவர் வேலை செய்த வீடு முடிச்சூரில் ஒரு பெரிய அடுக்ககத்தில் இருந்தது. பளிங்குத் தரை, மூன்று படுக்கையறை, ஹாலை அடைத்துக்கொண்டு ஒரு சோபா. அத்தனையையும் தினமும் பெருக்கித் துடைத்தார், ஒரு வார்த்தை சொன்னதில்லை. அந்த வீட்டுப் பையன் இர்ஃபானுக்கு ஜன்னலோரம் படிப்பதற்கென்று ஒரு மேஜை, அதன்மேல் இஷ்டத்துக்கு வளைத்துக்கொள்ளும் விளக்கு ஒன்று. அதைத் துடைக்கும்போது மட்டும் எரியும். எரிந்தால் அந்த வீட்டு அம்மாவிடமே சொல்லிவிடுவார். அந்த அம்மாவும் நல்ல மாதிரி. "எரியட்டும்க்கா, விளக்கைக் கீழே போட்டுடாதீங்க" என்பார்.

நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு சிட்லபாக்கத்தில். கொரோனா வந்து பள்ளிகளை மூடியபோது என் படுக்கையறையே வகுப்பறை ஆனது. பீரோ கதவில் வெள்ளை சார்ட் ஒட்டி அதில் எழுதுவேன். எதிரே போன். போனில் கறுப்புக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு பிள்ளை இருப்பதாக ஐதீகம். கேமரா கிடையாது, குரல் கிடையாது. யாரைக் கூப்பிட்டாலும், கூப்பிட்டு வெகுநேரம் கழித்து, "நெட்வொர்க் இஷ்யூ மிஸ்" என்று ஒரு பதில் வரும். பீரோவுக்குப் பாடம் நடத்துகிறோம் என்றே எனக்குத் தோன்றிவிட்டது. எரிச்சலில் வீட்டில் எல்லோரிடமும் சிடுசிடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, எட்டாம் வகுப்பு. இயற்கணிதம் நடத்திக்கொண்டிருக்கிறேன். திடீரென்று திரையில் புதுப்புதுக் கட்டங்கள் முளைக்க ஆரம்பித்தன. அவற்றின் கீழே இருந்த பெயர்கள்: அம்மா போன். மேஸ்திரி முருகன். ஆட்டோ குமார். தம்பி புது நம்பர். என் வகுப்பில் மேஸ்திரி யாரும் கிடையாது. யாருக்கும் மியூட் செய்யத் தெரியவில்லை. குக்கர் விசில், சேவல், மீன்காரம்மாவிடம் யாரோ பேரம் பேசுவது எல்லாம் ஒன்றாக வந்து என் அறையை நிறைத்தன. நான் பதறிப்போய், அந்தப் பதற்றத்திலேயே வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர்னா என்ன வரும்?"

"ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் மிஸ்!" என்று ஆட்டோ குமார் கத்தினார். அது ஒரு பெண் குழந்தையின் குரல்.

விடை தப்பு. ஆனால் பள்ளி மூடியதிலிருந்து நான் கேட்ட கேள்விக்குக் கிடைத்த முதல் விடை அதுதான். நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு குரல் பாய்ந்து வந்தது. "தப்பு மிஸ்! டூ ஏபி விட்டுட்டாங்க!" அது இர்ஃபான். அவன் குரல் உடைந்திருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மாதக்கணக்கில் அவனிடமிருந்து நெட்வொர்க் இஷ்யூவைத் தவிர வேறெதையும் நான் கேட்டதில்லை. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஒரு தடித்த ஆண் குரல் கேட்டது.

"யம்மா, லாரி கெளம்பிச்சா இல்லியா? நம்ம தெருவுக்கு எப்ப வரும்?"

விஷயம் வகுப்பு முடிந்தபிறகுதான் விளங்கியது. இர்ஃபானின் அப்பாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மொத்த மளிகைக் கடை. ஊரடங்கில் ஆர்டர் எல்லாம் போனில்தான். ஆர்டர் எடுப்பது அம்மாவின் வேலை. பையனை வகுப்பில் உட்காரவைக்க அவருக்கு நேரமில்லாததால், வகுப்பு லிங்க்கை வேலைக்கு வரும் அக்காவின் போனுக்கு அனுப்பி, "நீங்களே போட்டுவிட்டு, அவன் உட்கார்ந்திருக்கானான்னு ஒரு கண் பார்த்துக்குங்க" என்று சொல்லியிருந்தார். அக்கா ஒரு கண் பார்த்தார். பார்த்ததும் வயிறு எரிந்தது. லிங்க்கைத் தன் தெருவின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டார். அந்தக் குழு தண்ணீர் லாரி வருவதைச் சொல்வதற்காக ஏற்படுத்தியது. அதில் எது வந்தாலும் லாரிக்காரர் சம்பந்தப்பட்டது என்று நினைத்து அழுத்துகிறவர்களும் இருந்தார்கள்.

இதையெல்லாம் அந்த அக்காவே வந்து சொன்னார். இர்ஃபானின் கேமரா முதன்முறையாகத் திறந்தது. அவன் தோளுக்குப் பின்னால் துடைப்பத்தோடு ஒரு பெண்மணி நின்றிருந்தார்.

"நான்தான் மிஸ்ஸு அனுப்புனேன். இந்தப் புள்ளயத் திட்டாதீங்க. ஆட்டோ குமாருன்றது என் வூட்டுக்காரரு போனு, பேசுனது என் பொண்ணு பவித்ரா. கவர்மெண்ட் ஸ்கூல்ல எட்டாவது."

"ஏங்க்கா இப்படி அனுப்பினீங்க? இது ஸ்கூல் லிங்க்."

"வயிறு எரியுது மிஸ்ஸு." சிரித்தார். "இவன் புக்கத் தொடைச்சி வெக்கிறேன். அட்டை எம்பொண்ணு புக்கு அட்டைதான். உள்ள கீற கணக்கும் அதேதான். இவன் இங்கிலீஷ்ல படிக்கிறான், அவ தமிழ்ல படிக்கிறா. பத்தாவது வந்தா பரீட்சையும் ஒண்ணாம். அப்பறம் க்ளாஸு மட்டும் இன்னாத்துக்கு இவனுக்குத் தனியா?"

"அவங்களுக்கு டிவியில பாடம் போடறாங்களே?"

"போடறாங்க, பார்க்கறா. டவுட்டு வந்தா டிவியாண்ட கேக்க முடியுமா?"

"சரி, இருக்கட்டும். ஆனா மியூட் போடக் கத்துக்கச் சொல்லுங்க" என்றேன். மறுநாள் லாரி விசாரிப்பு மட்டும் வரவில்லை, மற்ற எல்லோரும் வந்தார்கள்.

அதற்குப் பிறகு என் வகுப்பு சந்தைக்கடை ஆனது, நான் மனுஷியானேன். ஒவ்வொரு கணக்குச் சொல்லையும் இரண்டு மொழியிலும் சொல்லிப் பழகினேன். 'காரணிப்படுத்துதல்' என்று சொன்னால் எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள், 'ஃபேக்டரைசேஷன்' என்றால் அக்கா தெருப் பிள்ளைகள் சிரித்தார்கள். இர்ஃபானுக்கும் ஆட்டோ குமாருக்கும் யார் முதலில் சொல்வது என்று தகராறு நடந்தது. இரண்டு பேரும் அவசரத்தில் தப்புத் தப்பாகச் சொல்லி, பிறகு ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள்.

அக்காவிடமிருந்து மதியம் குரல் பதிவு வரும். அன்றன்றைக்கு எது எரிந்தது என்பதுதான் செய்தி. ஒருநாள் வந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று வீட்டுப்பாடம் செய்யாததற்காக இர்ஃபானை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தேன். பவித்ராவும் செய்யவில்லை. அவளை ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். பாவம், அப்பா போனை எடுத்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன்.

குரல் பதிவு இப்படி இருந்தது: "மிஸ்ஸு, இன்னிக்கு ரொம்ப எரியுது. அந்தப் புள்ளய அவ்ளோ திட்டுனீங்க, எம்பொண்ண ஒரு வார்த்த சொல்லல. அவ நேத்து சாயங்காலம் பூரா கேரம் ஆடிக்கினு இருந்தா. அவனத் திட்டுனா அவன் நல்லா வந்துடுவான். இவ அப்டியே போவட்டும்னு விட்டுட்டீங்களா? திட்டுறதுன்னா எல்லாருக்கும் சமமா திட்டுங்க."

மறுநாள் ஆட்டோ குமாரை நன்றாகத் திட்டினேன். அவள் அழுதாள். மதியம் குரல் பதிவு வந்தது: "டாங்க்ஸ் மிஸ்ஸு."

இன்னொரு பழக்கத்தையும் அக்கா இர்ஃபான் வீட்டிலிருந்துதான் எடுத்துக்கொண்டார். அந்த அம்மா இரண்டு ஆர்டர்களுக்கு நடுவே பையனைப் பார்த்து, "இன்னிக்கு என்னடா சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்பாராம். அவன் சொல்லச் சொல்ல, மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டே "ம்ம், அப்புறம்?" என்பாராம். அக்கா இதையும் பார்த்துக்கொண்டார். சாயங்காலம் தெருக்குழாயில் குடம் நிரம்பும் நேரத்தில் அகப்பட்ட பிள்ளைகளையெல்லாம் நிறுத்தி, "இன்னிக்கு இன்னா படிச்சே?" என்று கேட்க ஆரம்பித்தார். பிள்ளைகள் சொல்லும். "ம்ம், அப்பறம்?" என்பார். அவர் ஐந்தாவதோடு நின்றவர். "அது சொல்றது ஒனக்கு இன்னா புரியுது?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்தாள். "எனக்கு எதுக்குப் புரியணும்? நான் ம்ம் கொட்றதுக்கு நிக்கிறேன்" என்று பதில் வந்ததாம். அவரிடமிருந்து தப்பிக்க சில பிள்ளைகள் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனதாகவும், அவர் குடத்தோடு அந்தத் தெருவிலும் போய் நின்றதாகவும் பவித்ரா சொல்லி நான் கேட்டிருக்கிறேன்.

இதெல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் யாரோ ஒரு அப்பா தன் மகனின் வகுப்பை எட்டிப் பார்த்துப் பள்ளியில் புகார் செய்துவிட்டார்.

எங்கள் பள்ளியை நடத்துகிறவர் கரஸ்பாண்டன்ட். வயதானவர், அதிகம் பேச மாட்டார், சிரிக்கவே மாட்டார். என்னைப் போனில் அழைத்து, "வெளி ஆட்களை உள்ளே விடாதீங்க மேடம். பேரன்ட்ஸ் மீட்டிங் வைக்கிற வரைக்கும் யாரும் வரக் கூடாது" என்றார். வகுப்புக்கு ஒரு கதவு வைத்துவிட்டார்கள். வருகிறவர்கள் பெயர் எனக்கு மட்டும் தெரியும். நான் விட்டால்தான் உள்ளே வரலாம்.

மறுநாள் காலை அம்மா போன் வந்து நின்றது. மேஸ்திரி முருகன் வந்து நின்றார். ஆட்டோ குமார் வந்து நின்றார். பாடம் நடத்திக்கொண்டே அந்தப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடியும்வரை அவை அங்கேயே இருந்தன.

"மிஸ், ஆட்டோ குமார் எங்க?" என்று இர்ஃபான் கேட்டான். "வரலை" என்றேன். அதன்பிறகு அவனும் பேசவில்லை. பழையபடி பீரோவுக்குப் பாடம் நடத்தி முடித்தேன்.

அன்று மதியமே சிட்லபாக்கத்தில் என் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. அவர் இறங்கி வந்தார். நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. திரையில் பார்த்ததைவிட ரொம்பக் குள்ளம். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். உள்ளே வாருங்கள் என்றால் வரவில்லை. அன்று சிரிக்கவும் இல்லை.

"உங்க மேல கோவம் இல்ல மிஸ்ஸு. சொன்னத செய்யறீங்க. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். என் நாத்தனா படப்பையில டிபன் கடை வெச்சிகினு கீறா. ஒரகடம் கம்பெனிக்குப் போறவங்கோ காலையில அங்க துன்னுட்டுப் போவாங்கோ. கடையில ஆள் இல்ல, பொண்ணு சும்மாத்தான கீது, அனுப்புன்னு கேட்டுக்கினே கீறா. இவரும் அனுப்பலாம்ன்றாரு. க்ளாஸு கீது, க்ளாஸு கீதுன்னு சொல்லியே நான் நிறுத்தி வெச்சிகிறேன். க்ளாஸு இல்லாட்டி இன்னா சொல்லி நிறுத்துவேன்?"

"பள்ளி திறந்ததும் திரும்பி வந்துடலாமே அக்கா?"

"வரமாட்டா மிஸ்ஸு. எங்க தெருவுல ரெண்டு பொண்ணுங்கோ அப்டித்தான் போச்சி. போன எடத்துல சம்பாரிச்சா, அப்பறம் யாரு கூட்டியாருவாங்கோ? அவளும் பாடமெல்லாம் மறந்துட்டு, கூடப் படிக்கிற புள்ளைங்க முன்னாடி நிக்க வெக்கப்பட்டுக்கினு அங்கியே இருந்துடுவா."

ஆட்டோவில் அவர் கணவர் எங்களைப் பார்க்காதவர்போல் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "பேரன்ட்ஸ் மீட்டிங் சனிக்கிழமை. இர்ஃபான் அம்மா வருவாங்க. அவங்க பக்கத்துல உட்காருங்க" என்று மட்டும் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. சொன்னேன்.

சனிக்கிழமை கூட்டத்தில் எல்லாக் கேமராக்களும் திறந்திருந்தன. பிள்ளைகளைவிடப் பெற்றோர்கள் ஒழுங்காக இருந்தார்கள். புகார் செய்த அப்பாதான் முதலில் பேசினார்.

"ஆன்லைனுக்கே முழு ஃபீஸ் கட்டறோம் சார். யார் யாரோ வந்து உட்கார்றாங்க. லாரி வந்துச்சான்னு க்ளாஸ்ல ஒருத்தர் கேட்டாராம். இதுக்கா கட்டறோம்?"

நாலைந்து பேர் தலையாட்டினார்கள். நான் பேச வாயெடுத்தேன். அதற்குள் இர்ஃபானின் அம்மா, "நான் சொல்றேன் சார்" என்று ஆரம்பித்தார்.

"என் பையன் ஜூன்லேர்ந்து க்ளாஸ்ல இருக்கான்னுதான் நான் நினைச்சுட்டு இருந்தேன். கேமராவை ஆஃப் பண்ணிட்டு கேம் ஆடிட்டு இருந்திருக்கான். உங்க பிள்ளைங்களையும் கேட்டுப் பாருங்க. அந்தப் பொண்ணு வந்தப்புறம், அவளுக்கு முன்னாடி சொல்லணும்னு முதல் நாளே கணக்குப் போட்டு வச்சான். அவங்களை நிறுத்தின நாள்லேர்ந்து மறுபடியும் கேம்தான். ஃபீஸ் நானும்தான் கட்டறேன். இவன் படிக்கிறதுக்குத்தானே கட்டறேன்?"

அவர் போன் கை மாறியது. திரையில் ஒரு நெற்றியும் அதற்கு மேலே ஒரு மின்விசிறியும் தெரிந்தன.

"எல்லாருக்கும் வணக்கம். அந்த லிங்க்க தண்ணி லாரி குரூப்புல போட்டது நான்தான். லாரின்னு கேட்டவரு எங்க எதிர் வூட்டுக்காரரு, அவரத் திட்டியாச்சி. சாரு ஃபீஸுன்னாரு. கட்டுறீங்க, இல்லன்னு சொல்லல. அதப் பார்த்துத்தான் எனக்கு வயிறே எரியுது. உங்க புள்ளைங்களுக்குக் கொறச்சி எங்களுக்குக் குடுங்கன்னு கேக்கல சார். மிஸ்ஸு ஒரு தபா சொல்றாங்க. அது உங்க வூட்லயும் கேக்குது, எங்க வூட்லயும் கேக்குது. உங்களுக்கு அதுல இன்னா கொறஞ்சிது, சொல்லுங்க."

புகார் செய்த அப்பா ஏதோ சொல்லப் பார்த்தார். மியூட்டில் இருந்ததால் கேட்கவில்லை. யாரும் அவரிடம் சொல்லவும் இல்லை.

கரஸ்பாண்டன்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி. வரட்டும். ஆனா மியூட்ல இருந்து கேட்டுட்டுப் போகட்டும்" என்றார்.

"மியூட்ல கேக்கறதுக்கு டிவி போதாதா சார்? அது எங்க வூட்லயே கீதே."

அவர் சிரித்துவிட்டார். நான் பார்த்து அவர் சிரித்தது அன்றுதான். "சரிம்மா, பேசட்டும். கணக்கு வகுப்புக்கு மட்டும்."

"சயின்ஸு?"

"ஒண்ணொண்ணா வாங்கம்மா."

"சரி சார். திங்கக்கெழம கேக்குறேன்."

திங்கட்கிழமை கேட்டார். அந்த வாரமே அறிவியலும் கிடைத்தது. சமூக அறிவியல் டீச்சர் அவராகவே லிங்க்கை அனுப்பிவிட்டார். கேட்டுக்கொண்டு வருவதற்கு முன்னால் கொடுத்துவிடுவது சுலபம் என்று என்னிடம் சொன்னார். நாத்தனார் கடைக்கு வேறு ஆள் போட்டுக்கொண்டார். பள்ளிகள் திறந்த அன்று, ஒன்பதாம் வகுப்புச் சீருடையில் பவித்ராவும் அந்தத் தெருவின் மற்ற பிள்ளைகளும் அரசுப் பள்ளி வாசலில் நிற்பதை எனக்கு வீடியோவில் காட்டினார். எல்லோருக்கும் சீருடை சின்னதாகிவிட்டிருந்தது. வகுப்புக்கு வந்ததில் ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை. "எண்ணிக்கோங்க மிஸ்ஸு, நல்லா எண்ணிக்கோங்க" என்று கத்தினார். அப்போது எங்கள் பள்ளியிலும் மணி அடித்தார்கள், நான் எண்ணாமலேயே அழுதுகொண்டு உள்ளே போனேன்.

வகுப்புகள் பள்ளிக்குள் திரும்பியதும் லிங்க் நின்றுவிட்டது. அவர் நிற்கவில்லை. எங்கள் பள்ளியில் என்ன நடந்தாலும் இர்ஃபான் வழியாக அவருக்குத் தெரிந்துவிடும். எங்களிடம் வாரத் தேர்வு வைத்தால், அடுத்த வாரம் அவர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் அறையில் நிற்பார். அந்தப் பள்ளி டீச்சர் ஒருவரை ஒரு கல்யாணத்தில் சந்தித்தேன். "எங்க ஸ்கூல்ல ஒரு பேரன்ட் இருக்காங்க, ஸ்பெஷல் க்ளாஸ் வைக்கற வரைக்கும் விடலை, ஒரே பேஜாராப் போச்சு" என்று ஆரம்பித்தவர், கொஞ்சம் பொறுத்து, "அவங்க வர ஆரம்பிச்சதுலேர்ந்து மத்த அம்மாக்களும் வர்றாங்க. எங்களுக்கும் பாடம் நடத்தத் தெம்பா இருக்கு" என்றார். யாரென்று நான் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு அன்று எங்கள் பிள்ளைகளுக்கும் அவர்களுக்கும் ஒரே மையம். தேர்வு முடிந்து கூட்டமாக வெளியே வந்தவர்கள் வாசலிலேயே வட்டமாக நின்று, வரைபடக் கணக்குக்கு விடை என்ன என்று சண்டை போட ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் ஒருவரையொருவர் அன்றுதான் நேரில் பார்க்கிறார்கள். குரலை வைத்துத் தெரிந்துகொண்டார்கள். வெயிலில் காத்துக்கொண்டிருந்த எங்களை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் வினாத்தாளை என்னிடம் கொண்டுவந்தார்கள். பவித்ரா சொன்னதுதான் சரி. இர்ஃபான் தலையில் அடித்துக்கொண்டான். அக்கா துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்து இழுத்து, "ஸ்டெப்புக்கு மார்க்கு உண்டுதான மிஸ்ஸு? அத்த அவனாண்ட சொல்லுங்க, மூஞ்சி வாடிப்போச்சி பாருங்க" என்றார்.

முடிவுகள் வந்தன. அந்தத் தெருவில் எழுதிய பிள்ளைகள் எல்லோரும் தேறிவிட்டார்கள். சிலர் தட்டுத் தடுமாறி, சிலர் நன்றாக. பவித்ராவின் கணக்கு மதிப்பெண் எங்கள் பள்ளியின் முதல் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது. கரஸ்பாண்டன்ட் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணைப் ப்ளஸ் ஒன்னுக்கு நம்மகிட்ட சேர்த்துடுங்க. ஃபீஸ் வேண்டாம். ரெண்டு வருஷம் கழிச்சு நம்ம பேனர்ல முதல் படம் அவளுதுதான்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே அக்காவுக்குப் போன் செய்தேன்.

"ரோசிச்சி சொல்றேன் மிஸ்ஸு" என்றார். இரண்டு நாள் பதில் இல்லை.

மூன்றாம் நாள் காலை பள்ளிக்குப் போனால், வாசலில் கரஸ்பாண்டன்ட் எதிர்ப்பக்கம் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். எங்கள் மதில்மேல் வழக்கம்போல் முதல் மூன்று இடங்களைப் பிடித்த பிள்ளைகளின் படத்தோடு பள்ளி பேனர். சாலைக்கு எதிர்ப்பக்கம், அதைப்போல இரண்டு மடங்குக்கு ஒரு புது பேனர். மேலே முடிச்சூர் அரசுப் பள்ளி என்று கொட்டை எழுத்து. கீழே அந்தத் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும். பவித்ராவும் அவர்களில் ஒருத்தி. தட்டுத் தடுமாறித் தேறிய மேஸ்திரி முருகனின் மகன் நடுவில் சிரித்துக்கொண்டிருந்தான். எல்லாப் படமும் ஒரே அளவு. யாருக்கும் மதிப்பெண் போடவில்லை. கடைசி வரிசையில் எங்கள் பள்ளிச் சீருடையில் இர்ஃபான். அவன் அம்மா சாலையோரம் காரை நிறுத்திவிட்டு அந்தப் படத்தைப் போனில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அது நம்ம பையன்தானே?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

"ஆமா சார்."

"நம்ம பேனர்ல ஏன் இல்லை?"

"நாம முதல் மூணு பேரைத்தானே சார் போடறோம்."

அவர் இரண்டு பேனர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "அடுத்த வருஷம் எல்லாரையும் போட்டுடுங்க" என்றார். பிறகு ஞாபகம் வந்தவராக, "அந்தப் பொண்ணு விஷயம் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

அவர் எதிரிலேயே போன் செய்தேன். "என்னக்கா, சார் கேட்டதுக்குப் பதிலே சொல்லலையே?"

"உங்க வாசலுக்கு எதிர்லயே கட்டிகிறேனே மிஸ்ஸு, பார்க்கலியா? அவ எங்க ஸ்கூல்லயே இருக்கட்டும். அடுத்த வருஷம் எழுதப்போற புள்ளைங்கோ, யாரப் பார்த்து ஓடும்?"

"என்ன சொல்றாங்க?" என்றார் கரஸ்பாண்டன்ட்.

நான் எதிரே இருந்த பேனரைக் காட்டினேன்.